ஐந்தரை அடிச் சாரம்

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் இந்த வீட்டில் மாலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணி வரை டிவி போடக்கூடாது என்று சட்டம். சட்டம் போட்டவள் என் பெண்டாட்டி தவமணி. போலீசும் அவளே, நீதிபதியும் அவளே. குற்றவாளிப் பதவி மட்டும் காலியாக இருந்தது, எனக்குக் கொடுத்துவிட்டாள்.

காரணம், மகாராணி நாற்பது வயதில் பிளஸ் டூ படிக்கிறார். திறந்தநிலைப் பள்ளியில் பேர் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், ஏப்ரல் 22ஆம் தேதி ஃபிசிக்ஸ் பரீட்சை எழுதப் போகிறார். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து லேப்பில் இப்போது தரை துடைக்கிறாள், கண்ணாடிக் குழாய் கழுவுகிறாள். அங்கே லேப் அசிஸ்டெண்டாக இருப்பவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். ஃபிசிக்ஸ் பாஸ் பண்ணினால் அந்த இடம் தவமணிக்கு என்று பிரிசில்லா டீச்சர் நிர்வாகத்தில் பேசி வைத்திருக்கிறார்.

நான் ஐந்தாவது. பாஸா ஃபெயிலா என்பது எனக்கும் வாத்தியாருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரகசியம் பத்திரம்.

டிவி இல்லாத மனுஷன் ஆறரைக்கு மேல் என்னதான் செய்வான்? சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

பிற்காலத்தில் எவனாவது பழைய பேப்பர் கடையில் வடை மடிக்க இந்த டைரியைக் கிழிக்கும்போது படித்துப் பார்த்தால், அவனுக்காகச் சொல்கிறேன். என் பேர் சடையாண்டி. வயது நாற்பத்தொன்பது. ஊர் திண்டுக்கல். கட்டட வேலை. அதிலும் தனிப் பிரிவு: தரையில் நின்றுகொண்டு முதல் மாடிக்குச் செங்கல் எறிவேன். மேலே இருதயராஜ் நின்று பிடிப்பான். ஆறடி உயரம், முப்பது வயது, வாய் மட்டும் ஏழடி. இருபத்தாறு வருஷமாக எறிகிறேன். ஒரு கல் கீழே விழுந்ததில்லை.

இன்று தவமணி பாடத்துக்கு நடுவில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்.

"மாமா, வேல ஒழுங்கா ஓடுதுல்ல?"

"ஏன், நின்னு போச்சுன்னா தள்ளிவிடப் போறியா?"

"விளையாடாத. பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையக்கட்டுல சாயங்கால வேலைக்கு ஆள் தேடுறாங்க. உனக்கு ஏதும் தடங்கல்னா இப்பவே சொல்லிரு. புத்தகத்த மூட்ட கட்டிட்டு நாளைக்கே சப்பாத்தி மாவு பெசையப் போயிருவேன். படிப்பெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் அந்த எடம் காலியா இருக்குமாக்கும்?"

"இருக்காதுதான். அதுக்காகச் சோறு திங்காம இருக்க முடியுமா?"

"எனக்கு என்ன தடங்கல்? இந்தத் திண்டுக்கல்லுல என்னைய மாதிரி கல்லெறியிறவன் எவன் இருக்கான்?"

"அதான். கட்சியில சேந்திருந்தா இந்நேரம் கவுன்சிலர் ஆயிருப்ப."

பேசிவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டாள். வாய்த்துடுக்குக்கு மார்க் போடுவதாக இருந்தால் இவள் என்றைக்கோ பாஸ்.

ஜனவரி 19, ஞாயிறு

'எறிபொருள் இயக்கம்' என்று ஒரு பாடம். எறிகிற விஷயம் என்றதும் என் காது தானாகப் போய்விட்டது. சத்தமாகப் படித்தாள்: "எண்பது மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து கிடைமட்டமாக எறியப்படுகிறது. காற்றுத் தடையைப் புறக்கணிக்க."

"யாரு எறிஞ்சது?"

"அது போடல மாமா."

"கீழ யாரும் நிக்கிறாங்களா?"

"அதுவும் போடல."

"எண்பது மீட்டர் கட்டடத்த அரும்பாடுபட்டுக் கட்டுனவன் கீழ சாந்து கொழச்சிக்கிட்டு நிப்பான். மேல ஒரு வெட்டிப் பய ஏறி நின்னுக்கிட்டுப் பந்து எறிவான். அவன் எங்க விழுவான்னு கேக்காம, பந்து எங்க விழும்னு கேக்குற. காத்த வேற புறக்கணிக்கணுமா? ஆடி மாசம் இந்த ஊர்க் காத்த ஒருநாள் புறக்கணிச்சுப் பாக்கச் சொல்லு உன் புத்தகத்த."

சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு நான் படிப்பைக் கெடுப்பதாகக் குற்றப்பத்திரிகை வாசித்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு பந்தைச் சும்மா கீழே விட்டாலும், நேராக முன்னால் எறிந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில்தான் தரைக்கு வருமாம். எவனோ வேலை வெட்டி இல்லாதவன் சொன்னது என்றேன். தவமணி எழுந்து வந்து மேசை ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வைத்தாள். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டாள். ஒன்றைச் சுண்டிவிட்டு அதே நேரம் மற்றதை விட்டாள்.

ஒரே சத்தம்.

"கேட்டுச்சா?"

"என்ன?"

மறுபடி செய்தாள். மறுபடி ஒரே சத்தம். வாசலில் போன ஸ்கூட்டர் மேல் பழி போட்டேன். ஒரு காசு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்கும் பொறுப்பு, விஞ்ஞானத்தை நம்பாத குற்றத்துக்காக, எனக்கு. இடது கையை விட்டுத் துழாவி எடுத்தேன். வலது கைக்கு அங்கே இடம் போதவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று என் கொடி பறந்தது.

பெரும உயரத்தில் எறிபொருளின் செங்குத்துத் திசைவேகம் சுழி என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சுழி என்றால் பூஜ்யமாம். அப்படியே தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு பத்துத் தடவை சொல்கிறாள், தலைக்குள் ஏறவில்லை என்று முகத்தில் தெரிகிறது.

"ஏ புள்ள, இதுக்கு ஒரு புத்தகமா? கல்லு இருதயராஜ் கைக்குப் போறப்ப எப்படிப் போகணும்? வேகமாப் போனா அவன் விரலு பேந்துரும். போகாட்டி என் மண்டையில விழும். சரியா அவன் கைகிட்டப் போய், ஏறவும் ஏறாம, எறங்கவும் எறங்காம, ஒரு நொடி நிக்கணும். அந்த நொடியில அவன் பூப் பறிக்கிற மாதிரி எடுத்துக்குவான். அதுதான் எறி. மத்ததெல்லாம் வீசி விடுறது."

தவமணி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிப் பார்த்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் மாமனார் வீட்டில் பதினாலு இட்லி சாப்பிட்டபோது.

"எவ்ளோ ஒசரம்?"

"என் கை தரையிலருந்து நாலடி. அவன் கை பதினாலு அடி. கழிச்சுக்க. பத்தடி."

உடனே கணக்குப் போட்டாள். பெருக்கினாள், 196 வந்தது. அதற்கு வர்க்கமூலம் 14. முழு எண்ணாக வந்துவிட்டது என்று குதித்தாள். நொடிக்குப் பதினாலு மீட்டர் வேகத்தில் எறிகிறேனாம். அதைத் தெருமுனைக் கடை வரை சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பிரிசில்லா டீச்சர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். உயரத்தை அடியில் போட்டுவிட்டு, பூமியின் இழுப்பை மீட்டரில் போட்டிருக்கிறாள். பத்தடி என்றால் மூன்று மீட்டர்தான். திருத்திப் போட்டால் வேகம் எட்டு மீட்டர்கூட வரவில்லை.

பூமிக்கு மீட்டர் மட்டும்தான் தெரியுமாம். இத்தனை நாளாக அடியில் கட்டிய வீடுகள் எல்லாம் எப்படி நிற்கின்றன என்று தெரியவில்லை. கடைக்காரனிடம் இன்னும் பதினாலுதான். நான் திருத்தப் போவதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இருதயராஜுக்கு வேலையில் அக்கறை குறைந்துவிட்டது. நின்று பிடித்துக்கொண்டிருந்தவன் இப்போது குனிந்து பிடிக்கிறான். "இடுப்பு போச்சுண்ணே" என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இடுப்பே கிடையாது.

என் சட்டைகள் எல்லாம் சுருங்கிவிட்டன. வலது கையை நுழைப்பதற்குள் வேர்த்துவிடுகிறது. சோப்பை மாற்றச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இருதயராஜ் இப்போது முட்டி போட்டுப் பிடிக்கிறான். கோயிலில்கூட இவன் இப்படி முட்டி போட்டிருக்க மாட்டான் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

தலையை இடது கையால் சீவிப் பார்த்தேன். வகிடு வேறு பக்கம் வந்தது. முகத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மழை.

மார்ச் 4, செவ்வாய்

மழை.

தவமணி பள்ளியிலிருந்து வந்து கொடியில் காய்ந்து முறுகிக் கிடந்த துணியை எடுத்தாள். "எங்க மாமா மழ?" என்றாள். கட்டடம் நடக்கிற பக்கம் மட்டும் பெய்தது என்றேன். மேகம் முனிசிபாலிட்டி மாதிரி, வேண்டிய தெருவுக்கு மட்டும் தண்ணீர் விடும் என்று விளக்கினேன். அவள் கணக்கு நோட்டைத் திறந்தாள்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு குறை. எறிகிற வேகம் போடுகிறார்கள், கோணம் போடுகிறார்கள், உயரம் போடுகிறார்கள். எறிகிறவன் வயதை ஒரு கணக்கிலும் போடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு கல் கீழே விழுந்தது. கல்லில் ஈரம்.

இருதயராஜ் குப்புறப் படுத்து, தளத்தின் ஓரத்தில் தலையையும் கையையும் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்படியும் அவன் விரல் நுனிக்கு அரை அடி கீழேயே கல் நின்றுவிட்டது. நின்ற கல் திரும்பித்தானே ஆக வேண்டும். சித்தாள் பாக்கியம் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கூடைக்கும் காலுக்கும் நடுவில் வந்து விழுந்து இரண்டாக உடைந்தது.

பாக்கியம் கூடையைப் போட்டுவிட்டு உடைந்த கல்லைப் பார்த்தாள். பிறகு பேசினாள். என் அப்பன் பாட்டன் வரை போய் வந்தாள். கேட்டுக்கொண்டேன், ஒன்றும் குறைத்துச் சொல்லவில்லை.

இருதயராஜ் கீழே இறங்கி வந்து என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான்.

"அண்ணே, தோள ஆஸ்பத்திரியில காட்டுங்க."

"யாரு தோள?"

"என் தோளயா காட்டச் சொல்றேன்? கையத் தூக்குங்க பாப்போம்."

"வேல நேரத்துல என்னடா கையத் தூக்கச் சொல்லி வெளையாட்டு?"

"அண்ணே!"

"கல்லுல ஈரம்டா."

"ஒரு மாசமாவா ஈரம்? நான் தவமணி அக்காகிட்டச் சொல்லிருவேன்."

அப்போது மட்டும் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். இடது கையால்தான். "ஏப்ரல் இருவத்திரண்டு வரைக்கும் வாயத் தொறக்காத. அன்னைக்கு அவளுக்குப் பரீட்ச. அதுக்கு மறுநாள் நீ மைக் செட்டே வச்சுச் சொல்லு. இப்பச் சொன்னன்னா புத்தகத்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுச் சப்பாத்தி மாவு பெசையப் போயிருவா. அந்த எடம் வேற யாருக்காச்சும் போயிரும். சொல்லுவியா?"

சட்டையைச் சரிசெய்துகொண்டு போனான். சொல்லமாட்டான். பொத்தான் ஒன்று என் கையில் வந்துவிட்டது. நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

வகுப்பில் ஒரு செய்முறை கொடுத்திருக்கிறார்களாம். ஏதாவது ஒரு பொருளை நேராக மேலே எறிந்து, போய்த் திரும்பும் நேரத்தை எடுத்து, வேகத்தையும் உயரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் பந்து எறிகிறார்கள். இவளுக்குச் செங்கல்தான் வேண்டுமாம். வீட்டிலேயே நிபுணர் இருக்கும்போது பந்து எதற்கு என்கிறாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. நிபுணருக்கு லீவு."

"மூணே மூணு எறி மாமா. இருதயராஜுக்கு எறியிற மாதிரியே எறி. கொறைக்காத, கூட்டாத."

பின்பக்கக் காலி மனையில் கோயில் தேர்போல என்னை நிறுத்திவைத்தாள். செல்போனில் நேரம் பார்க்கும் கருவியைத் திறந்துகொண்டாள். எறிந்தேன். கல் திரும்பி என் கை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். ஒதுங்கிக்கொண்டேன்.

முதல் எறி, ஒன்று புள்ளி நான்கு நொடி. இரண்டாவது, ஒன்று புள்ளி மூன்று. மூன்றாவது எறிவதற்கு முன் வேட்டியைச் சரிசெய்தேன், செருப்பைக் கழற்றி மாட்டினேன், வானத்தைப் பார்த்தேன். எறிந்தேன். ஒன்று புள்ளி இரண்டு.

"கல்லு சரியில்ல" என்றேன். "நாட்டுக் கல்லு. கனம் ஜாஸ்தி."

"சரி மாமா."

அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வழக்கமாகக் கணக்கு வந்ததும் கத்திச் சொல்வாள். இன்று சொல்லவில்லை. நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எவ்ளோ வந்துச்சு?"

"டீச்சர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன். மறுபடி அடியையும் மீட்டரையும் கொழப்பிட்டேன் போல."

இத்தனை மாதம் படித்தும் இன்னும் அடி மீட்டர் தகராறு தீரவில்லை. பாஸ் பண்ணினமாதிரிதான். மாலையில் பள்ளிக்கூடம் வரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். ராத்திரிச் சோற்றுக்கு முட்டை பொரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காமல் முட்டையா என்றேன். இரண்டு முட்டை வைத்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

எங்கள் கட்டட வேலையை நடத்தும் அழகர் மேஸ்திரிக்குப் புத்தி பிசகிவிட்டது. திடீரென்று சுவரை ஒட்டிப் பாதி உயரத்தில் ஒரு சாரம் கட்டிப் பலகை போட்டிருக்கிறார். இருதயராஜ் இனிமேல் அதில் நின்று பிடித்து, பக்கத்தில் நெஞ்சுக்கு நேராக இருக்கும் தளத்தில் கல்லை வைக்க வேண்டுமாம். இருபத்தாறு வருஷமாகத் தளத்துக்கு எறிகிறவனுக்கு இது என்ன மரியாதை?

"என்ன மேஸ்திரி, சின்னப் புள்ளைகளுக்குப் பம்பரம் விட எடமா?"

"இன்சூரன்சுக்காரன் சொல்லிட்டான் சடையாண்டி. எறியிற ஒசரத்தக் கொறைக்கணுமாம்."

"எந்த இன்சூரன்சு?"

"எல்லா இன்சூரன்சும்தான். எறிப்பா, நேரமாகுது."

டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை, ஐந்தரை அடி. இத்தனை வருஷத்தில் ஐந்தரை அடிக்கு எவனும் சாரம் கட்டி நான் பார்த்ததில்லை. மேஸ்திரிக்குக் கண்ணும் பிசகிவிட்டது.

எறிந்தேன். ஒரு கல்லும் கீழே விழவில்லை. இருதயராஜ் நின்றபடியே பிடித்தான். பாக்கியம் முதல் கல்லுக்கு விலகி நின்றாள், பத்தாவது கல்லுக்குப் பக்கத்தில் வந்து மண் அள்ளினாள்.

மார்ச் 30, ஞாயிறு

படிப்பு தவமணியின் மூளையைத் தொட்டுவிட்டது. தண்ணீர்க் குடத்தை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருக்கிறாள். அலமாரியில் மேல் தட்டில் இருந்த என் துணியெல்லாம் கீழ்த் தட்டுக்கு வந்துவிட்டது. கண்ணாடி மாட்டும் ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் கீழே அடித்திருக்கிறாள். கேட்டால், "பரீட்ச முடியிற வரைக்கும் எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும் மாமா" என்கிறாள்.

யார் கைக்கு என்று கேட்கவில்லை. அவள் எனக்குத் தோள் மட்டம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அரைக்கைச் சட்டை ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். முன்னால் முழுக்கப் பொத்தான், கை அகலம். போட்டதும் தெரியவில்லை, கழற்றியதும் தெரியவில்லை. கடைசியில் சோப்பு விஷயம் நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருக்கிறது.

சாய்வாக எறிகிற கணக்குகள் இப்போது நடக்கின்றன. எந்தக் கோணத்தில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்று என்னைக் கேட்டாள். முழுக்க மேலேயும் வேண்டாம், முழுக்க முன்னாலேயும் வேண்டாம், நடுவில் என்றேன். "நாப்பத்தஞ்சு டிகிரி. சரி" என்று டிக் போட்டாள். எனக்கு மார்க் போட்டால் யார் என்ன வேலை தருவார்கள் என்று கேட்டேன். டிவி தருகிறேன் என்றாள், ஏப்ரல் 22க்கு அப்புறம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி, இன்னொரு பக்கம் நோட்டு. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே "பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம்" என்று மந்திரம் சொல்கிறாள். சாமிக்குப் படைக்கும்போதும் அதையே சொல்லியிருப்பாள். சாமி எந்த வரத்தைக் கொடுக்கிறதோ, பார்ப்போம்.

ஏப்ரல் 21, திங்கள்

இவளுக்குப் பயமே இல்லை. எனக்குத்தான் வயிறு சரியில்லை. வடைதான் காரணம். ஒரு வாரத்து வடை.

ஏப்ரல் 22, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுத் தேர்வு மையத்துக்குக் கூடப் போனேன். எதிரே வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாமார்கள். பக்கத்தில் நின்றவர், "உங்களுக்குப் பையனா, பொண்ணா?" என்றார். "பொண்டாட்டி" என்றேன். அதற்கப்புறம் அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மணி அடித்தது. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மஞ்சள் சேலையில் வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வந்துச்சா?"

"வந்துச்சு. முப்பது டிகிரியில எறிஞ்சா எவ்ளோ ஒசரம் போகும்னு. அஞ்சு புள்ளி ஒன்னு மீட்டர்."

"அடியில எழுதலேல்ல?"

"இல்ல மாமா" என்று சிரித்தாள். பிறகு டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள். போய் உட்கார்ந்தோம். டீ வந்தது. நான் இடது கையை நீட்டினேன்.

"வலது கையில வாங்கு பாப்போம்."

"ஏன், இடது கையில குடிச்சா டீ எறங்காதா?"

பைக்குள் கையை விட்டுக் கணக்கு நோட்டை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மேலே தேதி, மார்ச் 23. கீழே மூன்று வரிகள். 1.4 நொடி, எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. 1.3 நொடி, ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. 1.2 நொடி, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் வட்டம் போட்டு: தேவை, பத்தடி. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: சாரம், ஐந்தரை.

டீ ஆறும்வரை அந்த ஐந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயா?"

"பெறகு? அழகர் மேஸ்திரிக்கு அரை அடிக் கணக்கெல்லாம் எங்க வரும்? மறுநா மத்தியானச் சோத்து நேரத்துல ஓடிப்போய்ச் சொன்னேன். நல்லவேள, பாக்கியம் பக்கத்துல கல்லு விழுந்ததுலருந்து அந்தாளும் பயந்துபோய்த்தான் இருந்தாரு."

"இருதயராஜ் சொன்னானா? இல்ல என் டைரியப் படிச்சியா?"

"அவன் வாயே தொறக்கல. உன் கோழிக் கிறுக்கல யாரு படிப்பா? கணக்கு சொல்லுச்சு. பத்தடிக்கு எறியிற கல்லு ஒன்றரை நொடிக்கு மேல வானத்துல இருக்கணும் மாமா. உன்னுது இல்ல."

அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். "சராசரி பாத்தா ஏழடிகிட்ட வருதே. ஏழடிக்குக் கட்டச் சொல்லிருக்கலாம்ல? கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்."

"சராசரிக்குக் கட்டுனா பாதிக் கல்லு பாக்கியம் தலையில விழும். ஆகக் கொறஞ்ச எறிக்குத்தான் கட்டணும்."

இதைப் புத்தகத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

"அப்ப ஏன் என்கிட்டக் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லிருப்ப? மழன்னு சொல்லிருப்ப." டீயை ஒரு வாய் குடித்தாள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்னு பயந்து இன்னும் முக்கி எறிவ. இருக்குற தோளும் போகும்."

"போயிருப்பியா?"

"கல்லெறிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் போனேன்ல, அங்கதான் போனேன். சமையக்கட்டு வாசல் வரைக்கும். உள்ள பெரிய அண்டாவுல மாவு கெடந்துச்சு. பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு மனுசன் வெயிலடிக்கிற நாள்ல மழ பெய்யுதுன்னு இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லியிருக்கான், அத வீணாக்க வேண்டாம்னு திரும்பிட்டேன்."

வலது கையை நீட்டி டீயை வாங்கினேன். பாதி மேசையில் கொட்டியது. அவள் துடைத்தாள்.

ஏப்ரல் 23, புதன்

மழை இல்லை. வேலைக்கும் போகவில்லை. சட்டம் நீங்கிவிட்டது என்று மாலை ஆறரைக்கு டிவியைப் போட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன ஓடியது என்று நினைவில்லை.

ஜூன் 18, புதன்

ஐம்பத்தெட்டு. முப்பத்துமூன்று எடுத்தாலே பாஸாம். மிச்சம் இருபத்தைந்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். உனக்கு வைத்துக்கொள் என்றாள்.

ஜூலை 1 முதல் லேப் அசிஸ்டெண்ட். பிரிசில்லா டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தவமணி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்கார்ந்துகொண்டு, "நொடிக்குப் பதினாலு மீட்டர் எறியிறவர் நீங்கதானா?" என்றார். கடைக்காரன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான் போல. ஆமாம் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் சின்ன வயசுக்காரர்.

"கை எவ்வளவு தூக்க முடியுது ஐயா?"

"அதெல்லாம் நல்லா..."

"முப்பது டிகிரி" என்றாள் தவமணி.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்க டீச்சராம்மா?"

"லேப் அசிஸ்டெண்ட்."

அந்த வார்த்தையை அவள் வாயால் வெளி ஆளிடம் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன். அது நன்றாகத்தான் ஓடியது.

தோளில் நரம்பு ஏதோ பாதி கிழிந்திருக்கிறதாம். கத்தி வேண்டாம், பயிற்சி போதும், ஆனால் கல் எறிவது முடிந்துபோன கதை என்றார். அழகர் மேஸ்திரி, லாரியில் வரும் கல்லைப் பார்த்து இறக்கும் வேலை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இருதயராஜுக்கு எறிய இப்போது ஒரு புது ஆள். அவனுக்கும் அதே ஐந்தரை அடிச் சாரம்தானாம். பிரிக்க வேண்டாம் என்று பாக்கியம் சொல்லிவிட்டாளாம்.

ஜூலை 20, ஞாயிறு

தவமணி பள்ளியிலிருந்து பெரிய மரக் கோணமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, கூடத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு. தினமும் காலையில் சுவரை ஒட்டி நின்று வலது கையைத் தூக்க வேண்டும். அவள் பக்கத்தில் நின்று கோட்டைப் பார்ப்பாள், நான் முகத்தைச் சுளிக்காமல் நிற்பேன்.

"எதுவரைக்கும் போகணும்?"

"இப்போதைக்கு நாப்பத்தஞ்சு போதும் மாமா. அதிக தூரம் போறது அதுலதான்."

அப்படியானால் தொண்ணூறுக்கு எதற்குக் கோடு என்று திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்கு நேராக ஒரு ஆணி. ஆணியில் டிவி ரிமோட் தொங்குகிறது. இடது கையால் எடுத்தால் செல்லாதாம். புதுச் சட்டம்.

இன்று முப்பத்தெட்டு டிகிரி. காற்றுத் தடையைப் புறக்கணித்தால் நாற்பது.